தண்ணி இறங்கலை

மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம்பர் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் பெண்களில் ஒருத்தியாக மலையம்மாள் வேலைக்குச் சேர்ந்தபோது, அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு டாக்டரைத்தான் தெரியும். சோழவந்தானில் ஊசி போடுகிறவர். காய்ச்சலுக்கும் அவர்தான், கை முறிந்தாலும் அவர்தான், மாமியார் மருமகள் சண்டையில் வருகிற தலைவலிக்கும் அவர்தான். ஆனால் எழுபதுகளில் மதுரைக்குள் போர்டுகள் பெருகிவிட்டன. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிப்பதுபோல டாக்டர்கள் மனுஷ உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கண் ஒருத்தருக்கு, எலும்பு ஒருத்தருக்கு, இருதயம் ஒருத்தருக்கு, காது மூக்கு தொண்டை மூன்றும் சேர்ந்து ஒருத்தருக்கு.

ஜனங்களுக்கு இந்தப் பாகப்பிரிவினை புரியவில்லை. புரியாதவர்கள் போனை எடுத்து மலையம்மாளிடம் கேட்டார்கள்.

“ஏம்மா, எங்கப்பாவுக்கு முட்டி ரெண்டும் வீங்கிக் கெடக்கு. டாக்டர் நம்பர் ஒண்ணு குடும்மா.”

“எந்த டாக்டர்னு பேரு சொல்லுங்க சார்.”

“பேரு தெரிஞ்சா நான் எதுக்கு ஒங்கிட்டக் கேக்குறேன்?”

நியாயமான கேள்விதான். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்து, மலையம்மாள் முட்டிக்குத் தோதான டாக்டரின் நம்பரைக் கொடுத்துவிடுவாள். மறுபடியும் அதே ஆள் கூப்பிட்டு, “நீ சொன்ன டாக்டர் கைராசிக்காரர்மா” என்று சொன்னதும் உண்டு. இப்படிக் கேட்டுக் கேட்டே அவள் தேறினாள். வயசான அப்பா அம்மாவை வைத்திருக்கிற பிள்ளைகளின் கவலை முழுக்க அவள் காது வழியாகத்தான் மதுரைக்குள் போய் வந்தது.

விளாங்குடியில் அவள் குடியிருந்த தெருவில் அவளுக்குப் பேரே ‘போன் டாக்டரம்மா’. கேலியாக வைத்த பேர்தான், ஆனால் கேலி செய்தவர்களே வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் பிச்சுமணியின் மனைவி வாலாம்பாள் நிலைப்படி தடுக்கி அடிக்கடி விழுந்துகொண்டிருந்தாள். முட்டி பலவீனம் என்று வீட்டில் தைலம் தேய்த்தே ஒரு பாட்டிலைக் காலி பண்ணியிருந்தார்கள். மலையம்மாள்தான் கேட்டாள், “மாமி, விளக்கைப் பாத்தா சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுதா?” ஆமாம் என்றாள் வாலாம்பாள். விழுவது காலாக இருந்தாலும் குற்றவாளி கண். கண் டாக்டரிடம் போய்ப் புரையை எடுத்துவிட்டு வந்த மாமிக்கு வீட்டின் ஒட்டடை முழுக்கப் பளிச்சென்று தெரிய ஆரம்பித்து, மருமகளின் நிம்மதிதான் போயிற்று.

அதற்குப் பிறகு மலையம்மாளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. இதை மறைப்பானேன்? யாராவது வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள் அவள் டாக்டரைச் சொல்லிவிடுவாள். “படி ஏறினா...” என்பார்கள். “இருதய டாக்டர்” என்பாள். “கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறாரு...” என்பார்கள். “காது டாக்டர்” என்பாள். அவள் புருஷன் நல்லகாமன் நாகமலைப் பக்கம் யுனிவர்சிட்டி ஆபீசில் கிளார்க். “வந்தவங்களை முழுசாப் பேச விடு மலையு. பொண்டாட்டி கூப்பிட்டாத் திரும்பாம இருக்கிறதுக்கு வேற காரணமும் இருக்கும்ல” என்பான். மலையம்மாள் முறைப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத் தகப்பன் வந்து வாய்த்தார், சிவனாண்டி. பிரைவேட் பஸ்ஸில் ஆயுசு முழுக்க டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாட்டுவண்டிக்காரனை ரோட்டிலிருந்து ஒதுக்க அவருக்கு ஹாரனே தேவைப்பட்டதில்லை, தொண்டை போதும். மனைவி இருளாயி போய்ச் சேர்ந்த பிறகு சோழவந்தான் வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு திருப்தியாகவே இருந்தார். மலையம்மாள் அவருக்கு ஒரே பிள்ளை. ரொம்ப காலம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததும், செத்துப்போன தன் பெண்டாட்டியின் பேரையே குழந்தைக்கு வைக்கச் சொன்னவர் அவர்தான். ‘இருளாயி’ என்று பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல், குழந்தையை ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவார்.

குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்த நாள் பார்த்தார்கள். எண்பத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மலையம்மாளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. “மாமனுக்கு மாமனா எங்கப்பா மடி இருக்கு” என்று அவள் மாமியாரிடம் அடித்துச் சொல்லிவிட்டு, தகப்பனிடம் பெருமையாகப் போய் நின்றாள்.

சிவனாண்டி முகம் கொடுக்கவில்லை. “நான் எதுக்குத்தா? ஒம் பெரியப்பன் மகன் விருமாண்டி இருக்கான்ல. அவன் மடியில உக்கார வச்சுக் குத்துங்க” என்றார்.

“என்னப்பா பேசுற? நீ இருக்கும்போது அவரு எதுக்கு?”

“சொன்னாக் கேளுத்தா. எனக்குத் தோதுப்படாது.”

அவ்வளவுதான் பேச்சு. அவர் எழுந்து, “காலாற நடந்துட்டு வாரேன்” என்று கொல்லைப் பக்கம் போய்விட்டார். விளாங்குடி வீட்டுக்கு வந்தால் கொஞ்ச நாளாகவே அவர் இப்படித்தான். உட்கார்ந்த இடத்தில் உட்காருவதில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது எழுந்து, வீட்டுக்குப் பின்னால் கிடந்த பொட்டல் காட்டுக்கு நடந்துபோவார். போனால் வருவதற்கு வெகுநேரம் ஆகும். பஸ்ஸே உலகம் என்று இருந்த மனுஷன், பஸ் ஏறவே யோசித்தார்.

மாமியார் இதைச் சும்மா விடுவாளா? “பொட்டப் பிள்ளையின்னதும் ஒங்கப்பனுக்கு மடி கூசுது. பேரனா இருந்தா இந்நேரம் கெடாவை ஓட்டிக்கிட்டு முன்னால வந்து உக்காந்திருப்பாரு” என்றாள். மலையம்மாள் வெடுக்கென்று பதில் சொன்னாள்தான். ஆனால் மாமியார் சொன்ன சொல் முள்ளாகத் தைத்துவிட்டது. அவள் பிறந்தபோதும் அவர் இப்படித்தான் நினைத்திருப்பாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, கேட்டவருக்குத் தீயணைப்பு நிலைய நம்பருக்குப் பதிலாகத் தியேட்டர் நம்பரைக் கொடுத்தாள்.

அடுத்த தடவை அவர் வந்தபோது சாப்பாட்டுக்கு உட்கார வைத்துச் சொம்பில் தண்ணீர் வைத்தாள். சிவனாண்டி சோற்றைச் சாப்பிட்டார், தண்ணீரைத் தள்ளி வைத்தார். முகம் வாடி, உதடு வறண்டு, எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தார்.

“தண்ணி குடிப்பா. ஏன் குடிக்க மாட்டேங்கிற?”

அவர் கீழே பார்த்துக்கொண்டு ரொம்ப யோசித்து, மெதுவாகச் சொன்னார். “தண்ணி சரியா எறங்க மாட்டேங்குதுத்தா.”

மலையம்மாள் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். தண்ணி இறங்கவில்லை என்றால் தொண்டை! எத்தனை போன் கேட்டிருக்கிறாள், எத்தனை பிள்ளைகள் இதே வார்த்தையைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். கெட்ட வியாதி அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாளே லீவு போட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அவரைக் கூட்டிப் போனாள்.

டாக்டர் நல்ல மனுஷர். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை அழுத்தி, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை.

“சோறு இறங்குதா பெரியவரே?”

“சோறு நல்லா எறங்குது டாக்டர். தண்ணிதான் எறங்கலை” என்றாள் மலையம்மாள்.

“எத்தனை நாளா?”

“கொஞ்ச மாசமாத்தான். எங்ககிட்டச் சொல்லாம மறைச்சிருக்காரு” என்றதும் மலையம்மாளே.

“அம்மா, நீங்க செத்த சும்மா இருங்க. பெரியவரே, நீங்க சொல்லுங்க. என்ன செய்யுது?”

சிவனாண்டி டாக்டரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். “அதான் பிள்ளை சொல்லுதுல்ல” என்றார்.

சோறு இறங்கித் தண்ணீர் மட்டும் இறங்கவில்லை என்றால் நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம், எதற்கும் குடிக்க வைத்துப் படம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். படம் எடுக்கும் நாள் வரைக்கும் மலையம்மாள் சாமி ரூமில் நின்று குலசாமியிடம் மன்றாடினாள். அப்பா மடியும் வேண்டாம், சீரும் வேண்டாம், ஆளை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டாள். தகப்பனை நினைத்துக் கோபப்பட்டதெல்லாம் அவளுக்குப் பாவமாகப் பட்டது. காதுகுத்தைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டாள். மாமியார் முணுமுணுத்தாள், நல்லகாமன் வாயைப் பொத்தச் சொன்னான்.

டவுனுக்குள் ஒரு எக்ஸ்ரே சென்டர். இருட்டறை, வாசலில் ஒரு கறுப்புத் திரை. சுண்ணாம்புத் தண்ணிபோல வெள்ளையாக ஒன்றைக் கரைத்து ஒரு பெரிய டம்ளர் நிறையச் சிவனாண்டி கையில் கொடுத்து, உள்ளே கூட்டிப் போனார்கள். மலையம்மாள் திரைக்கு இந்தப் பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லும் குரல் கேட்டது. அப்புறம் எக்ஸ்ரே டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார்.

“பெரியவரே, தடையே இல்லாம சரசரன்னு எறங்குதே! ஒங்க தொண்டையில ஒரு கோளாறும் கெடையாது.”

உடனே மாட்டுவண்டிகளை ரோட்டோரம் ஒதுக்கிய அந்தப் பழைய குரல் இருட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“மேல எறங்குறதை யாருய்யா கேட்டா? கீழ எறங்கலைன்னுதானே நான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்! இதுல நீ வேற ஒரு படி தண்ணியை ஊத்திப்புட்ட. இப்ப நான் எங்கிட்டுப் போவேன்?”

“அடக் கடவுளே! இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?”

குரல் இறங்கிவிட்டது. “பொம்பளப் பிள்ளை பக்கத்துல நிக்கிதே சாமி.”

திரைக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது முந்துவது என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேன்சர் இல்லை, தொண்டை இல்லை, ஒன்றும் இல்லை. ஒண்ணுக்குப் போவது பற்றி மகளிடம் சொல்லக் கூசிய ஒரு தகப்பன், கூச்சம் தாங்காமல் பாதி வார்த்தை சொன்னார். மீதிப் பாதியைக் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. தண்ணியைக் குடித்தால்தானே தொல்லை என்று குடிப்பதையே குறைத்துக்கொண்டு, மனுஷன் வாடி வதங்கியிருக்கிறார். அந்தப் பொட்டல் காட்டு நடைக்கும் இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. சம்பந்தி வீட்டு ஜனம் நிறைந்த பந்தலில், எழுந்திருக்க முடியாமல், புது வேட்டியோடு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி உட்காருவார்? நடுவில் எழுந்தாலும் அவமானம், எழாமல் இருந்தாலும் அவமானம். பேத்தி மேல் ஆசை இல்லாமல் அவர் மறுக்கவில்லை என்று தெரிந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வெளியே வந்தவரும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. “காப்பி குடிக்கிறியாப்பா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் நல்லகாமன் மாமனாரைத் தனியாகக் கூட்டிப் போய் விசாரித்தான். “ஏன் மாமா, தொண்டையைப் பாத்தப்பவே தப்பான எடம்னு தெரியலையா?”

சிவனாண்டி வெள்ளந்தியாகச் சொன்னார். “நான் என்னத்தக் கண்டேன் மாப்ள? வண்டியை ஷெட்ல விட்டா ரேடியேட்டர்ல ஆரம்பிச்சு சைலன்சர் வரைக்கும் வரிசையாப் பாத்துக்கிட்டு வருவாங்கெ. டவுன் டாக்டருக எல்லாம் மேலருந்து கீழ வருவாக போலன்னு நெனச்சேன். எப்படியும் வயித்தைத் தாண்டி வருவாகள்லன்னு பொறுத்துக்கிட்டேன்.”

நல்லகாமன் இதை மனைவியிடம் வந்து சொன்னபோது தெருவே கேட்கும்படி சிரித்தான். மலையம்மாளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் கண்ணுக்குக் கேட்டார்கள், முட்டிக்குக் கேட்டார்கள், சர்க்கரைக்கும் நெஞ்சுக்கும் கேட்டார்கள். நீர்ப்பை டாக்டர் நம்பர் கேட்டு ஒரு வயசாளிகூட அவளிடம் பேசியதில்லை. அப்படி ஒரு வியாதி மதுரைக்குள் இல்லை என்றா அர்த்தம்? பொம்பளைக் குரல் கேட்டதும் எத்தனை பேர் போனை வைத்திருப்பார்களோ!

பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று தனி டாக்டர் இருந்தார். நல்லகாமன் கூட்டிப் போனான், மலையம்மாளும் போனாள். டாக்டர் ரூம் வாசலில் தானே நின்றுகொண்டாள். “நீ வரலையாத்தா?” என்று தகப்பன் கேட்டபோது, “நான் வந்தாப் பேசிப்புடுவேன்ப்பா. நீயே சொல்லு” என்றாள். மாப்பிள்ளையும் வெளியே வந்துவிட்டான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சிவனாண்டி பேசினார், பேசினார், அவ்வளவு நேரம் பேசினார். நாலு மாசத்துப் பேச்சு அல்லவா! வயசான ஆண்களுக்கு நீர்ப்பைக்குக் கீழே வருகிற வீக்கம்தான், கெட்ட வியாதி இல்லை, ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கும் என்றும் சொன்னார்.

மாமியாருக்கு விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு நல்லகாமன் தலையில் விழுந்தது. அவள் குதிக்கப் போகிறாள் என்று எதிர்பார்த்தால், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, “ஒங்கப்பனும் கடைசி வரைக்கும் வாயு வாயுன்னுதான்டா சொன்னாரு. எங்கிட்டக்கூட வாயத் தெறக்கலை” என்றாள். மறுநாள், ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சம்பந்திக்குக் கஞ்சி கொண்டுபோனவள் அவள்தான். “அண்ணே, மடி ஒங்களுதுதான். நீங்க எந்திரிச்சு வார வரைக்கும் என் பேத்தி காது மூடியே கெடக்கட்டும்” என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தெருவில் செய்தி பரவியது. பரவாமல் இருக்குமா? ஒரு நாள் பிச்சுமணி வாத்தியார் பேப்பர் கேட்கிற சாக்கில் வந்து, மலையம்மாள் அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்து, நல்லகாமன் காதோரம் குனிந்து ஏதோ கேட்டார். நல்லகாமன் டாக்டர் பேரைச் சொன்னான். அதிலிருந்து வீட்டில் வேலை பாகம் பிரிந்தது. வந்த வயசாளிக்கு மலையம்மாள் கண்ணையும் காதையும் முட்டியையும் விசாரித்துவிட்டு, “எங்க வீட்டுக்காரருகிட்டயும் ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க” என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். போன் டாக்டரம்மா என்றால் இப்போது ரெண்டு பேர். அவள் பேச்சும் முன்னைக்கு இப்போது குறைந்துவிட்டது. கேட்பவர் சொல்லி நிறுத்தினால், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று காத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

ஆவணியில் குலசாமி கோயிலில் பந்தல் போட்டுக் காது குத்தினார்கள். கெடா வெட்டு, கொட்டுமேளம், சுற்றுவட்டாரச் சொந்தம் முழுக்க வந்திருந்தது. சிவனாண்டி சரிகை வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டு, நடுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இருளாயியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள் மலையம்மாள். அப்போது அவள் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆசாரி வருவதற்குள் பூசாரி நேரம் கடத்தினார், மாமன்மார் சீர் வந்தது, யார் யாரோ வந்து விபூதி பூசினார்கள். மலையம்மாள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அசையவில்லை, கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார்.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. மறு காதையும் குத்தினார். குழந்தை இன்னும் வீறிட்டது, அத்தோடு தாத்தாவின் சரிகை வேட்டி மடி நிறைய ஒண்ணுக்கு இருந்துவிட்டது. வேட்டி தாண்டிப் பாயில் ஓடியது.

“அய்யய்யோ, பிள்ளையத் தூக்குங்க, வேட்டி போச்சு” என்று நாலு பெண்கள் ஓடிவந்தார்கள்.

“யாரும் தொடாதீக! முழுசாப் போயி முடிக்கட்டும்” என்று அதட்டினார் சிவனாண்டி. நனைந்த வேட்டியோடு பேத்தியை இறுக்கி அணைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டு ஜனம், பங்காளிகள், மாமன் மச்சான்கள், கொட்டுக்காரர்கள் என்று பந்தல் முழுவதும் கேட்கிற மாதிரி மகளைப் பார்த்துக் கத்தினார்.

“மலையம்மா! எங்க ஆத்தாளுக்குத் தண்ணி அம்புட்டு நல்லா எறங்குது, பாத்தியா!”